இழுப்பறைக்குள் நான்கு உறைகள்

கேள்வி: எனக்கு 39 வயது. வேலைக்குப் போகிறேன், குடும்பம் இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் பிரச்சினை என்று ஒன்று வந்தால் நான் அதன் முகத்தைப் பார்ப்பதே இல்லை. வீட்டுக் கடன் விஷயமாக வங்கியிலிருந்து வந்த நான்கு உறைகள் இழுப்பறைக்குள் பிரிக்காமலே கிடக்கின்றன. இரண்டு தவணை தவறிவிட்டது என்பது தெரியும், அதற்கு மேல் தெரியாது. அம்மாவை இனி யார் பார்த்துக்கொள்வது என்று பேச அண்ணன் அழைக்கும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 'வேலையில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன்' என்று செய்தி அனுப்பிவிடுகிறேன். அலுவலகத்தில் இரண்டு மாதத்துக்கு முன் நான் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு தப்பு. இன்னும் யாரும் கவனிக்கவில்லை. கழுத்தில் ஒரு சின்னக் கட்டி, ரொம்ப நாளாக இருக்கிறது, அதை விடுங்கள். இரவெல்லாம் இவற்றையேதான் யோசிக்கிறேன். காலையில் எழுந்து ஒன்றும் செய்வதில்லை. என் கணவர் என்னைச் சோம்பேறி என்கிறார். நான் சோம்பேறிதானா? இந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வர முடியுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் வங்கிக்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள், அண்ணனுக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அலுவலகத்துக்கும் கொடுத்திருக்கிறீர்கள். கழுத்துக் கட்டிக்கு மட்டும் அரை வரி. அதையும் 'அதை விடுங்கள்' என்று முடித்துவிட்டீர்கள். என்னால் விட முடியவில்லை, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கழுத்தில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. கிருமித்தொற்றால் வீங்கிய நிணநீர்க் கணுவாக இருக்கலாம், தைராய்டு முடிச்சாக இருக்கலாம், வெறும் கொழுப்புக் கட்டியாகவும் இருக்கலாம். ஆனால் உங்களுடையது எது என்று விரலால் தடவிப் பார்த்து நீங்கள் சொல்ல முடியாது. கடிதத்தைப் படித்து நானும் சொல்ல முடியாது. நான் உளவியலாளர், அந்த வேலை எனக்குத் தெரியாது. மூன்று வாரத்துக்கு மேல் கரையாமல் இருக்கும் கட்டியை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும் என்பது மட்டும் தெரியும். நீங்கள் 'ரொம்ப நாள்' என்கிறீர்கள். மற்ற மூன்றும் இன்னும் ஒரு வாரம் பொறுக்கும். இது பொறுக்காது. இந்தப் பதிலைப் பாதியில் வைத்துவிட்டு மருத்துவரிடம் நேரம் கேட்டுப் போன் செய்தாலும் எனக்குச் சந்தோஷமே. மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். இந்த ஒரு இடத்தில் 'அப்புறம்' என்பதற்கு நானே அனுமதி தருகிறேன்.

சரி, சோம்பேறியா என்ற கேள்விக்கு வருவோம். சோம்பேறிக்கு இரவில் நன்றாகத் தூக்கம் வரும். உங்களுக்கு வருவதில்லை. தட்டிக்கழிப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்பது அதைச் செய்பவர்களுக்குத்தான் தெரியும். அண்ணன் அழைக்கும் நேரத்தைக் கணித்து வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் நம்பும்படியான ஒரு சாக்கு வேண்டும், அந்த இழுப்பறையில் வேறு ஏதாவது எடுக்கப் போனால்கூடக் கை உறைகளின் மேல் படாமல் எடுக்க வேண்டும். ஒரே ஒரு கடிதம் எழுத வேண்டிய நாளில் வீடு முழுவதையும் ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்து முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய்ச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பிறகு என்னதான் நடக்கிறது? ஒரு நிமிடத்தை மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். திரையில் அண்ணன் பெயர் தெரிகிறது. வயிற்றைப் பிசைகிறது. போனைக் கவிழ்க்கிறீர்கள். மணி நின்றதும் பிசைவதும் நிற்கிறது. அந்த நிம்மதி இருக்கிறதே, அதுதான் கூலி. ரொக்கமாக, கையோடு கிடைக்கும் கூலி. பேசியிருந்தால் வரக்கூடிய நன்மை என்றைக்கோ வரும், எவ்வளவு வரும் என்பதும் தெரியாது. கடன் சொல்பவரை விட்டுவிட்டு ரொக்கம் தருபவரிடம்தான் மனம் போகும். உங்கள் மனம் மட்டுமில்லை, யார் மனமும்.

1947-லேயே ஹோபார்ட் மௌரர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை இரண்டு கட்டமாகப் பிரித்துச் சொன்னார். முதலில் ஒன்றைக் கண்டு பயப்படக் கற்றுக்கொள்கிறோம். அதை விட்டு விலகினால் பயம் தணிகிறது. அந்தத் தணிவே விலகும் பழக்கத்தை வளர்க்கிறது. ஆறு ஆண்டு கழித்து, 1953-ல், ரிச்சர்ட் சாலமன், லைமன் வின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நாய்களை வைத்துச் செய்த ஒரு சோதனை இதை இன்னும் பளிச்சென்று காட்டியது. நடுவில் தடுப்பு வைத்த இரண்டு அறைகள். ஒரு சைகை வரும். பத்து நொடியில் தரையில் மின்சாரம் பாயும். தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம். சைகை வந்ததுமே தாண்ட நாய்கள் சீக்கிரமே பழகிவிட்டன. பிறகு மின்சாரத்தை அடியோடு நிறுத்திவிட்டார்கள். நாய்கள் நிறுத்தவில்லை. நூற்றுக்கணக்கான தடவை தாண்டிக்கொண்டே இருந்தன. பயந்ததற்கான அறிகுறியெல்லாம் மறைந்துபோன பிறகும், ஏதோ அன்றாட வேலை மாதிரி தாண்டின. (இன்றைக்கு இப்படி ஒரு சோதனைக்கு யாரும் அனுமதி தர மாட்டார்கள். தரவும் கூடாது.) மின்சாரம் நின்றுவிட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஒருமுறையாவது அங்கேயே நின்றிருக்க வேண்டும். எந்த நாயும் சும்மா நின்று பார்க்கத் துணியாது.

'வேலையில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன்' என்று இப்போதெல்லாம் உங்கள் விரல் தானாகவே தட்டுகிறதா, நெஞ்சு படபடப்புக்கூட இல்லாமல்? அப்படியானால் அதுவும் அந்தத் தாண்டல்தான்.

இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. சில பிரச்சினைகள் பார்க்காமல் விட்டாலே தீர்ந்துபோகின்றன. நீங்கள் பயந்த கூட்டம் ரத்தாகிறது, கோபமாக இருந்தவர் மறந்துவிடுகிறார், யாரோ ஒருவர் அந்த வேலையைச் செய்துவிடுகிறார். எப்போதாவது ஒருமுறை விழும் பரிசுதான் சூதாடுபவரை மேசையைவிட்டு எழவிடாமல் வைத்திருக்கிறது. உங்கள் அலுவலக அறிக்கை அப்படிப்பட்டது. இரண்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை என்பதைத் தப்பித்ததாக எண்ணுகிறீர்கள். அந்தத் தப்பான எண்ணை எடுத்து வேறு எத்தனை பேர் வேறு எத்தனை கணக்கில் போட்டிருக்கிறார்கள் என்று தெரியாது.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று நாம் கேட்கிறோம். மேற்கே இதற்கு நெருப்புக்கோழியைச் சொல்வார்கள், மண்ணுக்குள் தலையைப் புதைத்துக்கொள்ளுமாம். பாவம், அது அப்படிச் செய்வதே இல்லை. ஆனால் பணம் போட்ட மனிதர்கள் செய்கிறார்கள். பங்குச் சந்தை ஏறும்போது முதலீட்டாளர்கள் தங்கள் கணக்கை அடிக்கடி திறந்து பார்க்கிறார்கள், இறங்கும்போது பார்ப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கணக்கைப் பார்க்காததால் நஷ்டம் ஒரு காசுகூடக் குறையாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆக, நான்கு உறைகளோடு நீங்கள் தனியாக இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் ஆலோசனையில் அதிருப்தி அடைந்த ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தலைப்பைப் பார்த்ததுமே புகார் என்று தெரிந்தது. பதினொரு நாள் திறக்கவில்லை. மற்றவர்களுக்குத் தைரியம் சொல்லி வயிறு வளர்க்கிறவள் நான்! பன்னிரண்டாம் நாள் திறந்தேன். 'பயந்த மாதிரி ஒன்றுமே இல்லை' என்று எழுதினால் கதை அழகாக முடியும். ஆனால் புகார்தான் இருந்தது, அதில் பாதி நியாயமும் இருந்தது. பதில் எழுத இருபது நிமிடம் ஆனது. அதில் பதினைந்து நிமிடம் ஏன் இத்தனை நாள் பதில் எழுதவில்லை என்று விளக்குவதற்கே போனது. முதல் பிரச்சினை ஒருபக்கம் இருக்க, தாமதம் என்ற இரண்டாம் பிரச்சினை அதைவிட வேகமாக வளர்கிறது. கொஞ்ச நாளில் அண்ணனை அழைக்க முடியாமல் போவதற்கு அம்மா விஷயம் காரணமாக இருக்காது. இத்தனை நாள் அழைக்காததே காரணமாகிவிடும்.

இரவெல்லாம் யோசிக்கிறேன் என்கிறீர்கள். அதனாலேயே நீங்கள் பிரச்சினையோடு போராடுவதாக உங்களுக்குத் தோன்றுகிறது. கவலையை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த தாமஸ் போர்கோவெக் சொன்னது வேறு: கவலை பெரும்பாலும் சொற்களாகவே ஓடுகிறது, பயப்படும் காட்சியை உள்ளே நேராகப் பார்க்காமல் இருக்க அந்தச் சொற்களே திரையாகிவிடுகின்றன. கவலைப்படுவதும் ஒருவகைத் தப்பித்தல்தான் என்று அர்த்தம். 'வீடு போய்விட்டால் என்ன செய்வது, ஐயோ' என்று விடிய விடியச் சுற்றிச் சுற்றி வரலாம். அடுத்த தவணைக்கு எவ்வளவு குறைகிறது என்று ஒரு துண்டுத்தாளில் ஒரு எண் எழுதியிருக்க மாட்டோம். நடுராத்திரி யோசனையில் எண்ணோ தேதியோ பெயரோ இல்லையென்றால் அது யோசனைக் கணக்கில் சேராது.

இனி செய்ய வேண்டியது. நான்கு பிரச்சினைகளையும் ஒரே மூச்சில் முடிக்கப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். அந்த மாதிரி சபதம் இரண்டாம் நாளே படுத்துவிடும், படுத்ததும் 'நான் இப்படித்தான்' என்பதற்கு இன்னொரு சாட்சி சேரும். நான் ஒன்றைத்தான் கேட்கப் போகிறேன்: பார்ப்பதையும் தீர்ப்பதையும் தனித்தனியாகப் பிரியுங்கள். உறையைப் பிரித்தால் உடனே கடனைக் கட்ட வேண்டும், உடனே வங்கிக்கு ஓட வேண்டும் என்று உங்கள் மனம் இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. அதனால்தான் உறை அவ்வளவு கனக்கிறது. முதல் நாள் வேலை பிரிப்பது மட்டும்.

பிரிப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: உள்ளே என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள், எவ்வளவு தொகை, என்ன மிரட்டல், எந்தத் தேதி. வாய்க்குள் சொன்னால் போதாது, எழுத வேண்டும். பிறகு தேதி வாரியாக நான்கையும் பிரியுங்கள். தொகை, கெடு, யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்ற மூன்றையும் பக்கத்தில் எழுதி, நீங்கள் ஊகித்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான். ஊகத்துக்கும் உண்மைக்கும் இடையே இருக்கும் வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கும்போதுதான் பயம் புதிதாக எதையாவது கற்றுக்கொள்கிறது. 'பயப்படாதே' என்று நானோ உங்கள் கணவரோ நூறு தடவை சொன்னாலும் அது காதில் விழாது. உண்மை ஊகத்தைவிட மோசமாகவும் இருக்கலாம், மறைக்கவில்லை. ஆனால் ஒரு தொகையோடு வங்கியில் போய் உட்கார்ந்து பேச முடியும், ஒரு பூதத்தோடு பேச முடியாது. தவணையை மாற்றி அமைக்க வழி உண்டா என்று கேட்பதற்கான நேரமும் இந்தக் கட்டம்தான்; நாமாகப் போய்க் கேட்பவரைக் கடன் கொடுத்தவர் பார்க்கும் விதம் வேறு, தேடிப் பிடிக்க வேண்டியவரைப் பார்க்கும் விதம் வேறு.

இப்படிச் சிறிது சிறிதாகக் கிட்டே போவது ஒன்றும் புது யுக்தி இல்லை. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் ஒரு சின்னப் பையனைப் பற்றி எழுதினார். மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தை. அவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டில் முயலைத் தூரத்தில் வைப்பார்கள், நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவருவார்கள். கடைசியில் அவனே முயலைத் தொட்டு விளையாடினான். நடுவில் பின்னடைவும் வந்தது: ஒரு பெரிய நாயைக் கண்டு மிரண்ட பிறகு பழைய பயம் முழுக்கத் திரும்பியது, மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. உங்களுக்கும் அப்படி நடக்கும். ஐந்தாவது உறை வரும், அதையும் இழுப்பறைக்குள் போடுவீர்கள். போட்டால் என்ன, மறுநாள் எடுத்துப் பிரியுங்கள்.

எழுந்து ஓடத் தோன்றும் அந்தக் கணத்துக்கு முன்கூட்டியே ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும். 'இனி தள்ளிப்போட மாட்டேன்' என்பது உதவாது, அதில் நேரமும் இல்லை இடமும் இல்லை. 'ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் மேசையில் உட்கார்ந்து முதல் உறையைப் பிரிப்பேன். எழத் தோன்றினால் ஐம்பது எண்ணிவிட்டு எழுவேன்' என்பது உதவும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் எழுதிய கட்டுரை இப்படிப்பட்ட 'இது நடந்தால் இதைச் செய்வேன்' திட்டங்களைப் பற்றியதுதான். வெறும் தீர்மானத்தைவிட இது செயலாக மாறும் வாய்ப்பு அதிகம். ஐம்பது எண்ணுவது என் சொந்தச் சரக்கு. பெரும்பாலும் முப்பதுக்குள் கை உறையைப் பிரித்திருக்கும்.

உங்கள் கணவரிடம் ஓர் உதவி கேளுங்கள். உங்களுக்காக அவர் உறைகளைப் பிரிக்க வேண்டாம், உங்களுக்காக வங்கியில் பேசவும் வேண்டாம். அன்பாகச் செய்தாலும் அது அந்த நாய்ச் சோதனையின் தடுப்புக்கு அந்தப் பக்கம் உங்களைத் தூக்கி வைப்பது மாதிரிதான். நீங்கள் பிரிக்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். 'சோம்பேறி' என்ற அந்தச் சொல்லையும் ஒரு மாதத்துக்கு நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். வெட்கம் இன்னும் ஒளியத்தான் சொல்லும்.

அலுவலக விஷயத்துக்கு நிறைய எழுத ஒன்றுமில்லை. திருத்திய கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போய், 'இரண்டு மாதத்துக்கு முன் கொடுத்த அறிக்கையில் ஒரு எண் தப்பு, சரியானது இது, இதனால் பாதிக்கப்படுவது இந்த இடங்கள்' என்று மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள். திட்டு விழலாம். நீங்களே சொன்னதற்கு விழும் திட்டு ஒரு நாளோடு போகும்.

அண்ணன் விஷயம் அப்படியில்லை. மற்ற மூன்றிலும் நீங்கள் பயப்படுவது ஒரு செய்திக்கு. இதில் பயப்படுவது ஒரு கேள்விக்கு என்று தோன்றுகிறது. 'அம்மாவை நீ வைத்துக்கொள்கிறாயா?' என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? மாட்டேன் என்றால் குற்ற உணர்ச்சி, சரி என்றால் இருக்கும் சுமையோடு இன்னொன்று, அதுவும் தவணை தவறிய இந்த நேரத்தில். பதில் கையில் இல்லாததால் கேள்வியே வராமல் பார்த்துக்கொள்கிறீர்கள். ஆனால் 'எனக்கு இன்னும் தெரியவில்லை அண்ணா' என்பதும் ஒரு பதில். அவருக்கும் தெரியாமல் இருக்கலாம், அதனால்தான் திரும்பத் திரும்ப அழைக்கிறாரோ என்னவோ. அவர் அழைப்புக்குக் காத்திருக்காமல் நீங்களே ஒரு நேரம் சொல்லி அழையுங்கள். முதல் வாக்கியத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள்: 'இவ்வளவு நாள் பேசாமல் தட்டிக்கழித்தேன், பயம்தான் காரணம், இன்றைக்கு முடிவு எடுக்க வேண்டாம், நிலவரம் என்ன என்று மட்டும் பேசலாம்.' அம்மாவுக்கு என்ன விருப்பம் என்று யாராவது கேட்டீர்களா என்றும் அண்ணனிடம் கேளுங்கள். இத்தனை நாளில் அதை யாரும் கேட்காமல் விட்டிருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

தள்ளிப்போடுவது எல்லாமே தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோபத்தில் எழுதிய பதிலை ஒரு ராத்திரி ஆறப்போட்டு அனுப்புவது நல்ல பழக்கம். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி தேதிதான். ஆறப்போடுவதற்கு ஒரு தேதி இருக்கும், தட்டிக்கழிப்பதற்கு இருக்காது. வாய் திறந்தால் அடி விழும் என்ற வீட்டில் ஒருவர் பேச்சைத் தவிர்த்தால் அது பழக்கமே இல்லை, தற்காப்பு. அவருக்கு நான் எழுதும் பதில் வேறாக இருக்கும். அதேபோல், பிரச்சினைகளை மட்டுமின்றிக் குளிப்பது, சாப்பிடுவது, பிடித்தவர்களோடு பேசுவது என்று எதிலுமே மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அல்லது சிறு வயதிலிருந்தே எதைத் தொடங்கினாலும் முடிக்க முடியாமல் திணறிவந்திருந்தால், பழக்கம் என்று நினைத்துத் தனியாக மல்லுக்கட்டாமல் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். மனச்சோர்வும் கவனக்குறைபாடும் (ADHD) இந்த வேடத்தில் வருவது சகஜம், இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் கடிதத்தில் எழுதாமல் விட்டது எவ்வளவு என்று உங்களுக்குத்தான் தெரியும். கட்டிக்கு அரை வரி கொடுத்தவர் நீங்கள்.

எனக்கு மறுபடியும் நீளமாக எழுத வேண்டாம். உறைகளைப் பற்றியும் அண்ணனைப் பற்றியும் பிறகு சொல்லலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும் தேதியை மட்டும் ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள்.